பங்கு பிரிக்கும் கதையில் பெரியவர் ஒரே அத்தியாயத்தில் கெட்டுப்போகிறார். எப்படிச் சரிசெய்வது?

கேள்வி கேட்டவர்: அரசலாற்றங்கரை. பதில் சொல்பவர்களின் புனைபெயர் அவரவர் பதிலுக்கு மேலே.

குறுநாவல் ஒன்று, பத்து அத்தியாயம். களம் குடவாசல் பக்கத்துக் கிராமம், ஊருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அப்பா 2019ல் இறக்கிறார். பூர்வீக நஞ்சை 12 மா, ஒரே கட்டாக இருக்கிறது. ஓட்டு வீடு, கொல்லை, ஒரு பம்புசெட். பிள்ளைகள் மூன்று பேர். பெரியவர் ஊரிலேயே விவசாயம், சின்னவர் திருப்பூரில் வேலை, தங்கையை மன்னார்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அம்மா பெரியவரோடு இருக்கிறார்.

கதை பெரியவருடையது. தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர், கடைசியில் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகைகூட வராத இடத்தில் நிற்க வேண்டும்.

சிக்கல் இதுதான். முதல் நான்கு அத்தியாயம் அவர் தங்கமான மனிதர். ஐந்தாவதில் பைபாஸுக்கு அளவுக்கல் நடுகிறார்கள், நிலத்துக்கு விலை ஏறுகிறது, உடனே ஆள் மாறிவிடுகிறார். படித்த இருவரும் “பேய் பிடித்த மாதிரி இருக்கிறது” என்கிறார்கள். இன்னும் இரண்டு காட்சி சேர்த்துப் பார்த்தேன். பேய் கொஞ்சம் மெதுவாகப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

பேராசை படிப்படியாக ஏறுவதை எந்தப் படிகளில் காட்டுவது? அந்த நிலத்தில், அந்த வீட்டில், இப்படிப்பட்ட ஆள் நிஜமாகவே என்னென்ன செய்ய முடியும்? பத்திரம், பட்டா விஷயத்தில் தப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். தங்கையிடம் கையெழுத்து வாங்கும் காட்சி ஒன்று இருக்கிறது. அது சரியா என்றே சந்தேகம்.

---

கணக்குநோட்டு

முதலில் பைபாஸ் கல்லைப் பிடுங்கி எட்டாம் அத்தியாயத்தில் நடுங்கள். விலை ஏறியதும் ஆள் மாறினார் என்றால் தப்பு விலையுடையதாகிவிடுகிறது. கல் வரும்போது அவர் மனசுக்குள் கணக்கு முடிந்து கூட்டுத்தொகைக்குக் கீழே கோடு போட்டிருக்க வேண்டும். கல் அந்தத் தொகைக்குப் பின்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தால் போதும்.

இப்படிப்பட்ட ஆள் தன்னைப் பேராசைக்காரன் என்று ஒரு நாளும் நினைக்கமாட்டார். தனக்கு வரவேண்டியது வரவில்லை என்றுதான் நினைப்பார். ஆகவே அவருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். மனசாட்சிக் குரல், தூக்கம் வராத இரவு இதெல்லாம் வேண்டாம், நோட்டே பேசும். பத்து அத்தியாயத்தில் அது மூன்று இடத்தில் வந்தால் போதும்.

இரண்டாம் அத்தியாயத்தில் அது வெறும் சாகுபடி நோட்டு. நடவு ஆள் கூலி, யூரியா, டிஏபி, டிராக்டர் மணிக்கணக்கு. நடுநடுவே ‘தம்பி அனுப்பியது 3000’ என்று வரவிலும் ஒரு வரி. வாசகர் இதைக் கவனிக்காமல் தாண்டிப் போகட்டும்.

நான்காம் அத்தியாயத்தில், அப்பாவின் கருமாதி முடிந்த பிறகு, அதே நோட்டில் செலவுப் பக்கம் மட்டும் நிரம்புகிறது. ஆஸ்பத்திரிச் செலவு, பந்தல், சாப்பாடு, தங்கை கல்யாணத்துக்குப் போட்ட நகை, தம்பி டிப்ளமோ படித்த கட்டணம். வரவுப் பக்கம் காலி. தம்பி அனுப்பிய மூவாயிரங்கள் எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது. முன்னால் அந்த வரியைப் படித்தவர் கண்டுபிடிப்பார்.

ஏழாம் அத்தியாயத்தில் வட்டி போடுகிறார். உங்கள் நாவல் திரும்பும் இடம் இதுதான், பைபாஸ் இல்லை. 2009ல் தம்பிக்குக் கட்டிய 40,000 ரூபாய், ரெண்டு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய். பத்து வருஷத்துக்குத் தனிவட்டி 96,000. அசலோடு 1,36,000. அண்ணன் கட்டிய படிப்புக் கட்டணம் கடனாக மாறிய அந்த ராத்திரி வீட்டில் எந்தச் சண்டையும் நடக்கவில்லை, அம்மா அடுப்படியில் தோசை வார்க்கிறாள் என்று எழுதுங்கள். அங்கே ஒரு உரத்த வசனம் போட்டால் மொத்தமும் கெட்டுவிடும்.

செயல்களை வரிசைப்படுத்த ஒரு சோதனை சொல்கிறேன். ஒவ்வொரு காரியத்தையும் அவர் யாரிடம் வாய்விட்டுச் சொல்லமுடியும் என்று பாருங்கள். முதல் இரண்டு மூன்றை டீக்கடையில் சொல்லலாம், நாலு பேர் ‘நியாயம்தானே’ என்பார்கள். அடுத்ததை மனைவியிடம் மட்டும். அதற்கடுத்ததை அவளிடமும் சொல்லமாட்டார். உங்கள் இப்போதைய வரைவில் ஐந்தாம் அத்தியாயத்துக் காரியங்கள் எல்லாமே யாரிடமும் சொல்லமுடியாத வகை. நம்பமுடியாமல் போவதற்குக் காரணம் அதுதான்.

டீக்கடையில் சொல்லக்கூடியதற்கு ஓர் உதாரணம்: அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்துச் சம்பாவுக்குச் செலவு செய்கிறார். அறுவடை முடிந்து மீட்கிறார். இதில் குற்றமே இல்லை. ஆனால் மீட்ட சங்கிலி அம்மாவின் தகரப்பெட்டிக்குத் திரும்பாமல் அவர் பீரோவுக்குப் போகிறது. “பத்திரமா இருக்கட்டும்மா.” அவ்வளவுதான் வசனம்.

கடைசியாக, ‘பேராசை பெருநஷ்டம்’ என்று முடிக்காதீர்கள். பெரியவர் நஷ்டப்பட்டால் வாசகருக்கு நிம்மதி வந்துவிடும். நிலம் அவருக்கே கிடைக்கட்டும். விளையட்டும்.

---

கடைமடை

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் நோட்டு வீட்டுக்குள் இருக்கிறது. டெல்டாவில் அண்ணன் தம்பி சண்டை தொடங்குவது வரப்பிலும் மடையிலும். அந்த அளவுகள் சரியாக இல்லாவிட்டால் இந்தப் பக்கத்து வாசகர் மூன்றாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்.

அளவு முதலில். தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். 20 மா ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர். உங்கள் 12 மா நான்கு ஏக்கருக்கு மயிரிழை குறைவு. பெரியவர் வாயில் ‘ஏக்கர்’ வரவே கூடாது, மா, குழி என்றுதான் பேசுவார். ஏக்கர், சென்ட் எல்லாம் பத்திரத்திலும் தரகர் வாயிலும். அவர் எந்தப் பக்கத்தில் முதன்முதலாக ‘சென்ட்’ என்று சொல்கிறார் என்பதை வேண்டுமென்றே தேர்ந்தெடுங்கள். வயல் அவருக்கு மனையாகிவிட்டது என்று அந்த ஒரு சொல்லே காட்டிவிடும்.

இப்போது வரப்பு. நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கவாட்டுப் புல்லை மண்வெட்டியால் சீவி, சேற்றை அள்ளி அணைப்பார்கள். அண்டை வெட்டுவது என்று பெயர். பங்கு பிரித்த பிறகு பெரியவர் தன் பக்கம் கொஞ்சம் ஆழமாகச் சீவுகிறார், தம்பி பக்கம் மண் அணைக்கிறார். வரப்பு மெலியாது, நகரும். ஒரு தடவைக்கு இரண்டு அங்குலம் என்று வையுங்கள். வரப்பு நீளம் 180 அடி. ஒரு போகத்துக்கு 30 சதுர அடி, இரண்டு போகத்துக்கு 60. ஐந்து வருஷத்தில் 300, ஏறக்குறைய இரண்டு குழி. மாவுக்குப் பத்து மூட்டை, மூட்டை 60 கிலோ என்று கண்டுமுதல் வைத்தால் குழிக்கு ஆறு கிலோ. ஆக ஐந்து வருஷம் நகர்த்திக் கிடைத்த இரண்டு குழியில் போகத்துக்கு 12 கிலோ நெல். 2025-26 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2545 ரூபாய், அந்தக் கணக்கில் 300 ரூபாய் சொச்சம். தம்பியை இழந்ததற்குக் கூலி ஒரு போகத்துக்கு முந்நூறு. இந்தக் கணக்கைக் கதையில் எழுதாதீர்கள், ஆனால் நீங்கள் தெரிந்துவைத்திருங்கள்.

முக்கியமான சமாசாரம் எல்லைக்கல். உட்பிரிவு செய்யும்போது சர்வேயர் நட்ட கல் வரப்பின் நடுவில் இருந்திருக்கும். வரப்பு தம்பி பக்கம் நகர நகர, கல் நகராமல் பெரியவருடைய வயலுக்குள் வந்து நிற்கும். திருடியவன் வயலிலேயே சாட்சி முளைக்கிறது. டிராக்டர் ஓட்டுகிறவன் ஒவ்வொரு தடவையும் அதைச் சுற்றி வளைக்க வேண்டும். காட்சி இதிலிருந்து தானாக வரும்.

அடுத்தது தண்ணீர், வரப்பைவிடப் பெரியது. டெல்டாவில் நிலச்சரிவு பொதுவாகக் கிழக்கே. வாய்க்கால் மேற்கே என்று வைத்தால் மேற்குப் பங்குக்கு முதலில் பாயும், மழைக்கு முதலில் வடியும். கிழக்குப் பங்குக்குத் தண்ணீர் வயல் வழியாகத்தான் போகவேண்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் மேற்கிலிருந்து வழிவதெல்லாம் அதன் தலையில்தான். பரப்பளவு சமமாக இருந்தாலும் பங்கு சமமில்லை. மூத்தவர் கூறு போட்டு இளையவர் முதலில் எடுப்பது பல குடும்பங்களில் வழக்கம். உங்கள் பெரியவர் அந்த வழக்கத்தையும் மதிக்கட்டும். ஆனால் மேற்குக் கூற்றில் மாட்டுக்கொட்டகையும் வைக்கோல் போரும் இருக்கிறது, ‘தம்பிக்கு எதுக்கு அது’ என்று யாராவது சொல்லும்படி பார்த்துக்கொள்வார். திருப்பூர்க்காரன் சிரித்துக்கொண்டே கிழக்கை எடுப்பான்.

பிறகு மடையை அடைக்க ஒரு வைக்கோல் பிரியும் இரண்டு கூடை சேறும் போதும். எப்போது அடைக்கிறார் என்பதில்தான் விஷயம். தொண்டைக்கதிர் சமயத்தில், அதாவது கதிர் வெளிவரும் தறுவாயில், தண்ணீர் இல்லாமல் போனால் பதர் விழும். அதே ஆள், நட்டுப் பதினைந்து நாள் பயிர் நிற்கும்போது கனமழையில் மடையைத் திறந்துவிட்டால் கிழக்கே ஒரு வாரம் மூழ்கி அழுகிவிடும். ஒரு தடவை அடைப்பு, ஒரு தடவை திறப்பு. இரண்டையும் ‘மறந்துட்டேன்’ என்று சொல்லிவிட முடியும்.

பம்புசெட் மின் இணைப்பு யார் பெயரில்? அப்பா பெயரில் இருந்ததைப் பெரியவர் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால் மடைச் சாவியும் அவர் கையில். விவசாய மின்சாரம் இலவசம், தம்பிக்குத் தண்ணீர் விடுவதால் அவருக்கு ஒரு பைசா செலவில்லை. இல்லாத செலவுக்குத் தண்ணீரை மறுக்கிறார் என்பது காட்சிக்கு நல்லது.

திருப்பூரில் இருக்கும் தம்பி எப்படி விவசாயம் பார்க்கிறார் என்று எழுதவே இல்லையே? முதலில் அண்ணனே சேர்த்துச் சாகுபடி செய்து கணக்குச் சொல்கிறார். தம்பி பங்கான 3¾ மாவுக்கு 2250 கிலோ, அரசு கொள்முதலில் 40 கிலோ சிப்பம் என்றால் 56 சிப்பம். அண்ணன் 48 என்கிறார். அந்த எட்டுச் சிப்பம் 2025-26 விலையில் எட்டாயிரம் ரூபாய்ச் சொச்சம். பணம் அடங்கல் (சாகுபடிச் சான்று) கொடுத்தவர் வங்கிக் கணக்குக்கே போய்விடுவதால் தம்பிக்குத் தெரிய வழியில்லை, எப்போதாவது அந்த ரசீது கண்ணில் பட்டால்தான் உண்டு. இரண்டு வருஷம் கழித்துத் தம்பி தன் பங்கை ஊர்க்காரர் வேறொருவருக்குக் குத்தகைக்கு விடுகிறார். பெரியவர் அதைத் துரோகம் என்று எடுத்துக்கொள்வார். உண்மையாகவே அப்படி நம்புவார்.

மேட்டூர் அணை திறக்கும் தேதியைக் கதையின் வருஷத்தோடு ஒத்துப்பாருங்கள். ஜூன் 12 வழக்கமான நாள். ஆனால் 2022ல் மே 24ந்தேதியே திறந்தார்கள், 2024ல் ஜூலை 28 ஆகிவிட்டது. 2023ல் ஜூன் 12ல் திறந்து, தண்ணீர் போதாமல் அக்டோபர் 10ல் மூடினார்கள். மடைச் சண்டைக்கு வருஷம் தேடுகிறீர்கள் என்றால் 2023தான்.

---

வில்லங்கச் சான்று

பத்திர விஷயம் மட்டும் சொல்கிறேன். கதையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எவ்வளவு என்பது கதை நடக்கும் வருஷத்தைப் பொறுத்தது. நிறையப் பேர் இதைக் கவனிக்காமல் தங்கையைப் ‘பாவம்’ ஆக்கிவிடுகிறார்கள். அதே 12 மா, அதே ஆட்கள். அப்பா 1975ல் இறந்து அப்போதே பதிவுப் பத்திரம் போட்டுப் பிரித்திருந்தால் அப்பாவுக்கும் இரண்டு மகன்களுக்கும் மூன்றில் ஒன்று, அப்பாவின் பங்கு மட்டும் அம்மா, மகன்கள், மகள் நால்வருக்கும் சமமாகப் பிரியும். மகன்களுக்கு ஆளுக்கு 5 மா, அம்மாவுக்கு 1, மகளுக்கு 1.

உங்கள் கதையில் 2019. இப்போது மகளும் பிறப்பால் பங்குதாரர். அப்பாவும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு 3 மா, அப்பாவின் 3 நால்வருக்கும் ¾ வீதம். பிள்ளைகள் மூவருக்கும் 3¾ மா, அம்மாவுக்கு ¾. கடைமடை போட்ட 3¾ சரியாகவே இருக்கிறது, ஆனால் தங்கைக்கும் அதே 3¾ என்பதை உங்கள் கதையில் யாரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. பெரியவர் தலைமுறைக்கு இது மண்டையில் ஏறாது. ஊரில் பாதிப் பேர் ‘ரெண்டு பங்குதானே’ என்றே பேசுவார்கள். அவர் ‘எனக்கு 6 மா’ என்று வளர்ந்தவர், சட்டம் 3¾ என்கிறது. இழந்ததாக அவர் நினைக்கும் அந்த 2¼ மாதான் அவர் நோட்டின் முதல் வரி என்று கணக்குநோட்டு சொன்னதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

நடுவில் உள்ள காலத்துக்கு எழுதுகிறவர்களுக்கு: மகளுக்கும் பிறப்பால் பங்கு தந்த தமிழ்நாட்டின் 1989 இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் 25.3.1989 முதல், அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது. நாடு முழுக்க 9.9.2005 முதல் கல்யாணமானவர்களுக்கும் உண்டு. 20.12.2004க்கு முன் முறையாகப் பதிந்த பாகப்பிரிவினையைக் கிளற முடியாது. அப்பா 2005ல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. அண்ணன் தம்பிகள் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்ட கூர்சீட்டு தங்கையின் உரிமையைச் சாதாரணமாக அடைக்காது.

கையெழுத்துக் காட்சி. உங்கள் வரைவில் பெரியவர் வீட்டுக்குப் பத்திரம் கொண்டுபோய் அடுப்படியில் கையெழுத்து வாங்குகிறார் என்று ஊகிக்கிறேன், பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். தங்கை பங்கை விட்டுக்கொடுக்க விடுதலைப் பத்திரம் வேண்டும், அதைப் பதிய வேண்டும், அவரே சார்பதிவாளர் அலுவலகம் வரவேண்டும், போட்டோ, கைரேகை எல்லாம் உண்டு. ஏமாற்றிக் கையெழுத்து வாங்குவதைவிட இது கதைக்கு நல்லது. தங்கை முழு நினைவோடு, புடவை மாற்றிக்கொண்டு, பஸ் ஏறி வந்து கொடுக்கிறாள். ஏன் கொடுக்கிறாள்? பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்கவேண்டும், பொங்கலுக்குச் சீர் வரவேண்டும், பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி வேண்டும். அந்த வாசலுக்கு அவள் கொடுக்கும் விலை 3¾ மா.

நுட்பம் என்னவென்றால், பத்திரம் இரண்டு அண்ணன்மாருக்கும் சேர்த்து என்று அவள் நினைக்கிறாள், எழுதியிருப்பது பெரியவர் பெயருக்கு மட்டும். ‘படிச்சுப் பாத்துக்கம்மா’ என்று பத்திர எழுத்தர் சொல்லுவார், அவள் ‘அண்ணன் இருக்கே’ என்பாள். இப்போது பெரியவருக்கு 7½. அம்மா தன் ¾ஐயும் செட்டில்மென்ட் (விலையில்லாமல் எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக்கொடுத்தால் 8¼. தம்பி அதே 3¾ல் நிற்கிறார். கள்ளக் கையெழுத்து ஒன்றுகூட இல்லை.

அம்மாவின் செட்டில்மென்டில் ‘ஆயுசு வரை வைத்துக் காப்பாற்ற வேண்டியது’ என்ற நிபந்தனை வரி இருந்தால், காப்பாற்றாதபோது 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் ரத்துக் கேட்பது எளிது. பெரியவர் அந்த ஒரு வரியை வேண்டாம் என்கிறார். “பெத்த தாயைக் காப்பாத்தறதுக்குப் பத்திரத்துல எழுதணுமாக்கும்?” என்று கோபப்படுகிறார். அலுவலக வராந்தாவில் இருக்கிற எல்லாருக்கும் அது பாசமாகத்தான் கேட்கும்.

ஒரு தப்பு பல கதைகளில் வருகிறது: ‘பன்னிரண்டு வருஷம் உழுதார், அவருக்கே சொந்தமாகிவிட்டது.’ கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி உழுதுகொண்டிருந்தார் என்பதாலேயே மற்றவர் உரிமை போகாது. பெரியவர் அப்படி நம்பலாம், வக்கீல் பாத்திரம் நம்பக் கூடாது.

---

திண்ணை

பத்திரமும் வரப்பும் சரி. பேச்சை யாரும் தொடவில்லை.

தமிழில் ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. பெரியவர் முதல் அத்தியாயத்தில் தம்பியிடம் “நம்ம கொல்லைத் தேங்காய்” என்பார். ஆறாம் அத்தியாயத்தில் “எங்க கொல்லைத் தேங்காய்” என்பார். அதற்குமேல் விளக்கம் வேண்டாம், தம்பி புரிந்துகொள்வார். அண்ணி “சாப்பிட வா” என்று கூப்பிட்ட வீட்டில் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்கிறார்கள். தங்கைக்குப் பொங்கல் சீர் கரும்புக்கட்டும் மஞ்சள்கொத்துமாகப் பஸ்ஸில் வந்த வருஷங்கள் உண்டு. பத்திரம் பதிந்த அடுத்த தை மாதம் ஜிபேயில் ஆயிரம் ரூபாய் வருகிறது. அவள் மாமியார் “உங்க அண்ணன் வரலியா?” என்று கேட்கிற இடத்தில் காட்சியை வெட்டுங்கள்.

இன்னொன்று. பெரியவர் மனைவி மேல் பழியைப் போடாதீர்கள், தயவுசெய்து. மருமகள் வந்தாள், வீடு உடைந்தது என்பது வானொலி நாடகக் காலத்திலேயே பழசு. அதில் ஆண் தப்பித்துவிடுகிறார். அவளுக்கும் ஒரு கணக்கு இருக்கட்டும், நியாயமான கணக்கு: தம்பி படிப்புக்கு அடகு வைத்தது அவள் வளையல், அது திரும்பி வரவேயில்லை. நோட்டில் 40,000 என்று எழுதியவர் வளையல் என்று எழுதவில்லை. அதை அவள் பார்க்கிறாள். அந்தப் பணத்தில் அவளுக்கும் பங்கில்லை.

கணக்குநோட்டு சொன்ன ‘நிலம் கிடைக்கட்டும், விளையட்டும்’ எனக்குப் பாதிதான் சம்மதம். விளையட்டும். விளைந்ததை யார் வீட்டுக்கு அனுப்புவது என்று தெரியாமல் நிற்கட்டும்.

---

அரசலாற்றங்கரை

ஆமாம், அடுப்படியில்தான் கையெழுத்து வாங்கியிருந்தேன். அதை எடுத்துவிட்டேன். பங்கு ரெண்டுதான், தங்கைக்கு ஒன்றுமில்லை என்றே நானும் எழுதியிருந்தேன் என்பது வெட்கம்தான். பைபாஸும் எட்டுக்குப் போய்விட்டது. வரப்புக் காட்சியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘தை மாதக் காலை. பனி விலகவில்லை. நடவுக்கு முன் அண்டை வெட்ட மண்வெட்டியோடு இறங்கினார் பெரியவர். வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் நிலம். பேராசை அவர் கண்களில் மின்னியது. ரெண்டு விரக்கடைதானே என்று சொல்லிக்கொண்டு ஆழமாகச் சீவினார். சீவிய மண்ணை அந்தப் பக்கம் அணைத்தார். எல்லைக்கல் அவரைக் குற்றம் சாட்டுவதுபோல் பார்த்தது. ஐம்பது கிலோ யூரியா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஆள் எதுவும் பேசவில்லை.’

---

கடைமடை

தை மாதம் சம்பா அறுவடை. அப்போது எவன் அண்டை வெட்டுவான்? சம்பாவுக்கு என்றால் ஆவணிக் கடைசி, புரட்டாசி. பனியை எடுத்துவிட்டுப் புழுக்கம் போடுங்கள். யூரியா மூட்டை 2018லிருந்து 45 கிலோ. டிஏபிதான் ஐம்பது. அண்டை வெட்டும் அன்றைக்கு யூரியாவுக்கு வேலையும் இல்லை, அடியுரத்துக்கு டிஏபி மூட்டையே வரட்டும்.

அந்த மூட்டை தூக்கும் ஆள் நல்ல பிடி. அவர் யார்? தம்பியின் பங்கைக் குத்தகைக்கு எடுத்தவராக இருந்தால், வரப்பு நகர்வது அவருக்கு நஷ்டம். பேசாமல் போகமாட்டார், மறுநாள் தன் பக்கத்திலிருந்து சீவித் தள்ளுவார். அவரை வேண்டாம் என்று பெரியவரின் கூலி ஆளாக வைத்தால் பேசாமல் இருப்பது பொருந்தும்.

---

கணக்குநோட்டு

‘பேராசை அவர் கண்களில் மின்னியது’, ‘குற்றம் சாட்டுவதுபோல் பார்த்தது’ இரண்டையும் அடித்துவிடுங்கள். ‘ரெண்டு விரக்கடைதானே’ என்பதையும். அது திருடுகிறோம் என்று தெரிந்தவன் பேச்சு. இவருக்கு அது திருட்டில்லையே, வட்டி. அதோடு இந்தக் காட்சியில் அவர் கவலை வேறு எதைப் பற்றியாவது இருக்கவேண்டும், கை மட்டும் வரப்பில் வேலை செய்யட்டும். உதாரணத்துக்கு:

‘புரட்டாசி பிறந்து நாலு நாள். நடவு ஆட்கள் வருவதற்குள் அண்டை வெட்டிவிடலாம் என்று இறங்கினார். முதுகு பிடித்தது. போன வருஷம் இதே வேலைக்கு அப்பா வரப்பில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார், இங்கே மேடு, அங்கே பள்ளம் என்று. மண்வெட்டி ஈரத்தில் நன்றாக இறங்கியது. சீவிய மண்ணைக் கிழக்கே அணைத்தார். எண்டு போய்த் திரும்பும்போது கல்லில் கால் இடித்தது. அது எப்போதும் வரப்பு நடுவில்தானே இருக்கும்? தூக்கி வந்த மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஆள் கேட்டான், இங்கேயே போட்டுடவா? “நம்ம பக்கம் போடு” என்றார்.’

அப்பா இறந்த அடுத்த வருஷத்திலேயே இது நடந்தால் கல்லில் கால் இடிக்கும் அளவுக்கு வரப்பு நகர்ந்திருக்காது. ஆகவே ‘போன வருஷம்’ என்பதை மாற்றுங்கள், நாலைந்து வருஷம் தள்ளிப் போடுங்கள். கடைமடை சொன்ன 2023 ஒத்துவருகிறதா பாருங்கள்.

---

திண்ணை

“நம்ம பக்கம் போடு” என்று கூலி ஆளிடம் சொல்கிறாரே, அது நன்றாக விழுந்திருக்கிறது. தம்பியிடமிருந்து எடுத்த ‘நம்ம’ அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ‘எண்டு’ மட்டும் டைப்பிங் பிழையா? ‘கடைசி வரை போய்’ என்று போடுங்கள்.

---

அரசலாற்றங்கரை

2023 ஒத்துவருகிறது. அக்டோபர் 10ல் மேட்டூர் மூடியதும் பம்புசெட்தான் எல்லாம், மின் இணைப்பு பெரியவர் பெயரில். தம்பி திருப்பூரிலிருந்து போன் பண்ணித் தண்ணீர் கேட்கிற காட்சியை அங்கே வைக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: அந்தப் போனை எடுப்பது பெரியவரா, அம்மாவா?

---

திண்ணை

அம்மா. ஸ்பீக்கரில் போட்டு. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கட்டும்.